வல்லரசுகள் வந்து போக ஒரு நடைபாலம்

எனக்கு முப்பத்து மூன்று வயது ஆகிறது. ஆறு மாதம் முன்பு பணி ஓய்வு பெற்றேன்.

இதைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கூடத் திரும்பி ஒருமுறை பார்க்கிறார். நடந்தது இதுதான். கல்வராயன் மலைக்குச் சாலையும் பாலமும் போடும் திட்டத்தில் நான் ஒப்பந்த ஊழியன். திட்டம் முடிந்தது, நானும் முடிந்தேன். வழியனுப்பு விழாவுக்குப் பேனர் அடிக்கக் கொடுத்தார்கள். கள்ளக்குறிச்சி பேனர் கடைக்காரரிடம் தயாராக இருந்த மாதிரி ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் வட்டத்துக்குள் முகம், மேலே ‘பணி ஓய்வு பாராட்டு விழா’. முகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். சால்வை போட்டார்கள். மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டில் பரிசாகக் கொடுத்தார்கள். பேனரை அம்மா ரிஷிவந்தியம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மாட்டி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே முதலில் ஓய்வு பெற்றவனும் நானே. “பென்ஷன் எப்படா வரும்?” என்று அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வரும் வழியில் கேட்கிறார்.

அடுத்த திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். “அண்ணா, பயிற்சில ஒண்ணும் வெளங்கலண்ணா. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்றார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிரூட்டிய அறையில் ஒருவர் மேல் ஒருவர் பந்து எறிந்து பெயர் சொல்லிக்கொண்டோம். மக்களோடு சமமாகத் தரையில் உட்கார வேண்டும் என்பதை மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். அதன்பிறகு மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஒரு பன்னாட்டு வங்கி. அதில் பெரிய பங்கு வைத்திருப்பது ஒரு வல்லரசு. அந்த வல்லரசுக்குப் போட்டியாக இன்னொரு வல்லரசு இருக்கிறது. அதுவும் சொந்தமாக ஒரு வங்கி வைத்திருக்கிறது. எந்த நாடுகள் என்று எழுதப் போவதில்லை. மலையில் யாரும் பெயர் சொன்னதில்லை. முதலாவதைப் ‘பெரிய பேங்க்’ என்றார்கள், அடுத்ததைப் ‘புது பேங்க்’ என்றார்கள். நானும் பெரிய வங்கி, புது வங்கி என்றே எழுதுகிறேன்.

வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் போய், ஜீப் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கினால் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் தேக்கம்பாறை. அந்த ஊரில் சடையன் அண்ணன் இருந்தார். சாமையும் கொஞ்சம் மரவள்ளியும் போடுகிறவர். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். தம்பிகள் இருவர் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஓடையைக் கடத்துவார்கள். கோடையில் அது முடியும். மழைக்காலத்தில் அந்த ஓடையில் மாடுகூட இறங்காது.

“கள்ளக்குறிச்சியிலேயே ஒரு வீடு பார்த்துத் தங்கக்கூடாதா அக்கா?” என்று அவர் மனைவி மல்லிகாவிடம் கேட்டேன்.

“தங்கலாம் தம்பி. மாட்டயும் காட்டயும் கூட்டிக்கினு வந்துடலாமா?” என்றார்.

பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், “ஒரு தடவ தவறுனா மூச்சு வாங்கும், ரெண்டாந்தடவ தவறுனா தூக்கிக்கினு வர வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றார்.

ஆகவே அந்த ஓடைக்குப் பாலம் வேண்டும். திட்டத்தில் அந்தப் பாலம் இருந்தது. வங்கியின் வழிமுறைப்படி, பாலத்துக்கு முன்னால் வாகனக் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். சேலத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஓடைக் கரையில் குடை நட்டு உட்கார்ந்து, பாலம் இல்லாத இடத்தில் எத்தனை வண்டி ஓடையைக் கடக்கிறது என்று எண்ணினார்கள். ஒன்றும் கடக்கவில்லை. சடையன் அண்ணன் நாற்காலியில் கடந்தபோது மட்டும் அவர்களுக்குள் விவாதம் வந்தது.

“என்ன எதுல சேப்பீங்க?” என்று அவரே கேட்டார். “நாலு காலு இருக்குது, சக்கரம் இல்ல. ரெண்டு பேரு இழுக்குறாங்க. மாட்டு வண்டின்னு போட்டுக்கோங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.”

‘மற்றவை’ என்று போட்டுக்கொண்டார்கள். வாகனம் இல்லாததால் பாலம் தேவையில்லை என்று முடிவானது. அதைப் பெரிய வங்கியின் குழு நேரில் வந்து உறுதி செய்வது மட்டும் பாக்கி.

இங்கே என் மேலதிகாரியைச் சொல்ல வேண்டும். குமாரவேல் சார், திருநாவலூர்க்காரர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த செயற்பொறியாளர். உட்காருவதற்கு முன் நாற்காலியில் கைக்குட்டையை விரிப்பார். எழுந்ததும் நாலாக மடித்துப் பையில் வைப்பார். ‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. முடியாத காரியத்தை யாராவது கேட்டால், “அத இப்படி வெச்சிக்கலாமா?” என்று ஆரம்பித்து வேறொன்றைக் கொடுத்து அனுப்புவார். கேட்டவர் அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். காட் ரோட்டில் பாதி வழி இறங்கியபிறகுதான் கேட்டது வேறு என்று ஞாபகம் வரும்.

சாருக்கு ஒத்திகை முக்கியம். வெளிநாட்டுக் குழு வருகிறது என்றால் அதற்கு முன் முழு வருகையையும் நடத்திப் பார்ப்பார். வெளிநாட்டவராக அவரே நடிப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மொழிபெயர்ப்பாளர் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டுக் கேட்பார்: “இந்த… ஊரில்… பெண்கள்… மகிழ்ச்சியாக… இருக்கிறார்களா?”

“யாரு வூட்டுப் பொம்பளைங்க சார்?” என்றார் மல்லிகா அக்கா.

“பொதுவாம்மா.”

“பொதுவான்னா எப்படி சார்? ஒவ்வொரு வூடா போயி கேட்டுக்கினு வரட்டா?”

“அவள கேக்காதீங்க சார்” என்றார் சடையன் அண்ணன். “மகிழ்ச்சின்னு சொன்னா அப்புறம் எதுக்குப் பாலம்னு போயிடுவாங்க. இல்லன்னு சொன்னா என் மானம் போவும்.”

குழு ஓடையைக் கடக்க வேண்டுமே, அதற்கு ஒரு நடைபாலம் போட்டோம். இரு கரைப் பாறைகளிலும் போல்ட் அடித்து, வெள்ளம் தொடாத உயரத்தில், ஆள் அகலத்துக்கு இரும்பு நடைபாலம். ஒப்பந்ததாரரிடம் வாடகைக்கு எடுத்தது. அதன் மேல் சிவப்புக் கம்பளம். கோப்பில் இது பாலம் இல்லை, ‘வருகை ஏற்பாடு’. பந்தல், தண்ணீர் பாட்டில், மாலை எல்லாம் வரும் தலைப்பு. வருகை நிறைவு என்று சார் கையெழுத்துப் போட்டதும் பிரித்துவிட வேண்டும்.

முதல் வருகை. பெரிய வங்கியின் குழுத் தலைவி உயரமான அம்மா. வெயிலில் சிவந்து போயிருந்தார். நடைபாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்த இடத்தில் பாலத்துக்கான தேவை எழவில்லை என்ற முடிவை வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். ஊர் மொத்தமும் கரையில் நின்று கேட்டது. சடையன் அண்ணன் மட்டும், “எதுமேல நின்னுக்கினு சொல்றாங்கன்னு அவங்களுக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா” என்றார். அதை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா கீழே பார்த்தார். ஓடைக்குள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் நின்று கற்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போட்டி வல்லரசின் நாட்டுக்காரர். எல்லோருக்கும் அவரைத் தெரியும். கடுக்காய் வாங்க வந்தவர். தோல் பதனிட, சாயம் போட இந்த மலைக் கடுக்காய் நல்லது என்று கேள்விப்பட்டு வெள்ளிமலையில் தங்கியிருந்தார். வழுக்காத கற்களை அடுத்த தடவைக்கு அடையாளம் வைத்துக்கொள்ளத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார் பாவம்.

“இவர் யார்?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

“கடுக்காய் வாங்க வந்தவர்” என்றேன். கடுக்காய்க்கு ஆங்கிலம் தெரியாததால் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் காட்டவும் செய்தேன்.

அவர் அந்தக் கடுக்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஓடையில் நிற்பவரைப் பார்த்தார். “நிச்சயமாக” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு சொட்டு நம்பிக்கைகூட இல்லை. குமாரவேல் சாரும் சொன்னார், வெள்ளிமலை டீக்கடைக்காரரும் சொன்னார், கடைசியில் அந்த ஆளே மேலே ஏறி வந்து மூட்டையைத் திறந்து காட்டினார். எத்தனை பேர் சொன்னோமோ அத்தனைக்கு அவர் நம்பாமல் போனார். புது வங்கிக்காக ஓடையை அளக்க வந்தவர் என்றே முடிவு செய்துவிட்டார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வாகனக் கணக்கெடுப்பு நிபந்தனை தேக்கம்பாறைக்கு மட்டும் தளர்த்தப்படுகிறது. பாலம் உண்டு.

இவ்வளவு நாள் சட்டம் என்று நினைத்தது எப்படி இவ்வளவு சுலபமாக வளைந்தது? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் விளங்கியது. ஒரே தனியார் பஸ் நின்றால் கண்டக்டர், “பின்னாடி போ, படில நிக்காத, மூட்டைய எறக்கு” என்பார். பின்னால் இன்னொரு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டால் அதே வாய், “வாங்கம்மா, மூட்டைய நான் தூக்கறேன், ஜன்னல் சீட்டு இருக்குது” என்கிறது. உலகக் கடன் என்பதும் அதேதான். நிபந்தனைகள் எல்லாம் அடுத்த பஸ் வரும்வரைதான்.

ஆனால் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று முந்த ஆரம்பித்தால் ஸ்டாப்பில் நிற்கவே நிற்காது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெரிய வங்கி இவ்வளவு ஆசைப்படும் ஓடையில் ஏதோ இருக்க வேண்டும் என்று புது வங்கிக்காரர்கள் முடிவு செய்தார்கள். நிஜமாகவே ஒரு குழு வந்தது. மறுபடியும் நடைபாலம், மறுபடியும் கம்பளம். அவர்கள் ஓடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். விளக்கு வைத்த பாலம் தருகிறோம் என்றார்கள். பெரிய வங்கிக்குச் செய்தி போய், இரண்டு லாரி எதிரெதிரே போகும் அகலத்துக்குப் பாலத்தை மாற்றியது. புது வங்கி கூட்ட அரங்கு ஒன்றைச் சேர்த்தது. பெரிய வங்கி பாலத்தின் நடுவில் நின்று இயற்கையை ரசிக்க ஒரு மேடை சேர்த்தது. பாலம் முடிகிற இடத்தில் ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அப்படியே இருந்தது. எதிரே மாடு வந்தால் ஆள் புதரில் ஒதுங்க வேண்டும்.

வரைபடத்தை மல்லிகா அக்காவிடம் விரித்துக் காட்டினேன்.

“இது இன்னா தம்பி, எங்க ஊர விட பெருசா இருக்குது?”

“பாலம்கா.”

“எப்ப வரும்?”

வரைபடத்தைச் சுருட்டினேன். ஒவ்வொரு முறை அகலம் கூடும்போதும் பழைய வரைபடம் ரத்தாகிவிடும். மண் பரிசோதனை, அனுமதி எல்லாம் முதலிலிருந்து. ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. ஓடைக்கு மேல் இரண்டு வல்லரசுகள் நின்றன, ஒரு பாலம் நிற்கவில்லை.

மழை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தம்பிகள் இருவரும் ஓடையில் இறங்கி, இடுப்புக்கு மேல் தண்ணீர் இழுக்க, நாற்காலியோடு திரும்பிவிட்டார்கள். அந்த வாரம் சடையன் அண்ணனின் முகம் வீங்கி, கண் இடுங்கிப் போனது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுத்தது செவ்வாய்.

திங்கள் காலை குமாரவேல் சாரிடம் போனேன். “சார், அந்த நடைபாலத்த நாளைக்கு ஒரு நாள் போட்டுக் குடுங்க சார்.”

கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். “நோயாளிக்கு வருகை ஏற்பாடு பண்ண முடியாது தம்பி, தலைப்பு கெடையாது” என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

“அத இப்படி வெச்சிக்கலாமா? அடுத்த குழு எப்ப வருது?”

“தேதி சொல்லல சார்.”

“தேதி சொல்லலைன்னா எப்ப வேணா வரலாம். நாம தயாரா இருக்கணும். ஒத்திகை வெச்சிடுவோம். செவ்வாய்க்கெழம.”

“வெள்ளிக்கிழமையும் வெக்கணும் சார்.”

“வெக்கணும்தான். ஒரு ஒத்திகைல ஜனங்களுக்கு எங்க வரும்?” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

செவ்வாய் விடிந்ததும் ஒப்பந்ததாரர் ஆட்கள் மழையில் நனைந்துகொண்டே நடைபாலத்தைப் பூட்டினார்கள். கம்பளம் விரித்தோம். ஒத்திகை என்றால் வெளிநாட்டவர் வேண்டும். சாருக்கு அன்று விழுப்புரத்தில் கூட்டம். “வெளிநாட்டவரா சடையனே இருக்கட்டும்” என்று போனில் சொன்னார். “அவருதான் ஒக்காந்துக்கினு வர்றாரு, பொருத்தமா இருக்கும்.”

அப்படியாகத் தம்பிகள் தூக்க, நாற்காலியில் மாலையோடு சடையன் அண்ணன் சிவப்புக் கம்பளத்தின் மேல் வந்தார். கீழே செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. நடுப்பாலத்தில் நிறுத்தச் சொன்னார். மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. மல்லிகா அக்காவைப் பார்த்து, சார் குரலில், “இந்த… ஊரில்… பெண்கள்… மகிழ்ச்சியாக… இருக்கிறார்களா?” என்றார்.

“யோவ், ஒழுங்கா போய்ச் சேரு மொதல்ல” என்றார் மல்லிகா அக்கா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வழிமுறைப்படி, ஒத்திகை முடிந்ததும் விருந்தினரை அலுவலக ஜீப்பில் கள்ளக்குறிச்சி வரை கொண்டுபோய்விட வேண்டும். கொண்டுபோய் விட்டோம். மாலை மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்தோம். ‘இரண்டாம் கட்ட ஒத்திகை’ என்று எழுதினேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் விடவில்லை. மேலிடத்திலிருந்து யாரோ, எதற்கு இவ்வளவு ஒத்திகை என்று கேட்டதற்கு, “புது வங்கிக்காரங்க வேற வர்றாங்க, பெரிய வங்கிக்குக் கொறவா தெரியக்கூடாது பாருங்க” என்றார் சார். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு ஒத்திகை சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மழை விட்டதும் பெரிய வங்கியின் இறுதிக் குழு தேதி சொன்னது. வந்தது. வெள்ளிமலை டீக்கடையில் வண்டிகள் நின்றன. அந்த உயரமான அம்மா டீயைக் கையில் வாங்கியபோது அவருக்கு போன் வந்தது. எங்கோ கடலில் ஒரு தீவுக்குப் புது வங்கிக்காரர்கள் துறைமுகம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு வங்கிகளும் தங்கள் ஆட்களை அங்கே வரச் சொல்லியிருந்தன. அந்த அம்மா டீயைக் குடிக்காமலே வண்டியைத் திருப்பினார். அதே வாரம் புது வங்கிக்காரர்களும் தண்ணீர் பாட்டில்களை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே கடிதம் வந்தது: தேக்கம்பாறைப் பாலத்துக்கு வாகனக் கணக்கெடுப்பை மீண்டும் நடத்தி அனுப்பவும். அடுத்த பஸ் போய்விட்டது, கண்டக்டர் பழைய குரலுக்கு வந்துவிட்டார்.

பாலம் கைவிடப்பட்டது, திட்டம் மூடப்பட்டது. ஒப்பந்ததாரர் நடைபாலத்தைக் கேட்டார். சார் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

“குழு வெள்ளிமல வரைக்கும் வந்தாங்க இல்ல?”

“வந்தாங்க சார்.”

“ஓடைக்கு வரல.”

“வரல சார்.”

“அப்போ வருகை ஆரம்பிச்சிடுச்சி, முடியல. முடியாத வருகைக்கு நிறைவுன்னு நான் எப்படித் தம்பி கையெழுத்துப் போடறது? அவங்க வந்து முடிச்சிக் குடுக்கட்டும்.”

வருகையை முடித்துக் கொடுக்க வேண்டிய குழு இப்போது தீவில் இருக்கிறது. திட்டமே மூடிவிட்டதால் அவர்களைக் கூப்பிட யாருக்கும் அதிகாரம் இல்லை. சாரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கும் அதே பேனர், அவர் வயதுக்குச் சரியாக இருந்தது. ஒப்பந்ததாரர் மனு மேல் மனு கொடுத்துப் பார்த்து, கடைசியில் தன் கம்பெனிப் பெயரைக் கம்பியில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார். கம்பளம் கிழிந்துவிட்டது. நடைபாலம் நிற்கிறது. ஊரே அதில்தான் போய்வருகிறது. போன வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது சடையன் அண்ணன் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். என்னைப் பார்த்ததும், “தம்பி, அவங்க வந்துட மாட்டாங்களே?” என்று கேட்டார். எப்போது பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்.

இப்போது நீங்கள் மூவரும் வந்து சொல்கிறீர்கள், புது வங்கியின் திட்டம் வருகிறது, அவர்கள் குழு அடுத்த மாதம் ஓடைக்கு வருகிறது என்று. பயிற்சியில் சொல்லாததை நான் சொல்கிறேன். நன்றாக வரவேற்றுக் கூட்டிக்கொண்டு போங்கள். சாமைச் சோறு போடுங்கள். நடைபாலத்தின் மேல் நிற்க வைத்துப் படம் எடுங்கள். கிளம்பும் நேரத்தில், வருகை நிறைவு என்று போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். போடலாம் என்று சொல்லுங்கள். பெரிய வங்கியின் வருகை மட்டும் இங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அது பொய் இல்லை, கோப்பில் இருக்கிறது. அதைக் கேட்டபிறகு இவர்கள் முதலில் முடித்துக்கொள்ள மாட்டார்கள், நடைபாலத்தையும் யாரும் பிரிக்க முடியாது.

அவர்கள் எந்தக் கிழமை வந்தாலும் சரி. செவ்வாய் காலை பாலத்தில் நெரிசல் வேண்டாம், சடையன் அண்ணன் போக வேண்டும்.